எடுக்கலாமா?

திருவக்கரைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் வக்கிரகாளியம்மன் கோவிலை நாடியே செல்கின்றனர். ஆனால் ஊரையொட்டிய செம்மண் மேட்டில் வேறொரு காட்சியும் உண்டு. அங்கே மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதையுண்டவை அவை என்பர் நிலவியல் அறிஞர். கிளையும் வேரும் இன்றி வெறும் அடிமரங்களாகவே கிடப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அந்த இடத்தை மணற்சத்து நிரப்பியிருக்கிறது. மரம் போயிற்று, அதன் வரிகள் அப்படியே நிற்கின்றன.

சென்ற ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நமது பங்கின் துவக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றோம். வாயிலிலேயே காவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது." பிள்ளைகளும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தனர். நாமோ கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே நடந்தோம். ஓரிடத்தில் சிறுமி ஒருத்தி சறுக்கி விழுந்தாள். பாவாடை கிழிந்தது, முகமெல்லாம் செம்மண், அழுகை. அதுவும் நமது கைப்பேசியில் பதிந்துவிட்டதை நாம் கவனிக்கவில்லை.

அன்று மாலையே 40 படங்களையும் பங்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினோம். யாரோ அந்த ஒரு படத்தை மட்டும் பிரித்தெடுத்து, கீழே கேலியாக ஒரு வரி எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். திங்களன்று சிறுமி பள்ளிக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனன்று அவள் வீடு சென்றோம். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். பேசியவர் அவளுடைய பாட்டி.

"சாமி, அந்தக் கல்லுல ஒரு துண்டு எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாமே, புள்ள வந்து சொல்லுச்சு. அது படத்தை மட்டும் யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

எழுத்தறியாத அம்மூதாட்டியின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. குருமடத்தில் இறையியல் பயின்றபோது, பிறர் நற்பெயருக்கு ஊறு விளைவித்தவர் அதற்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று தேர்வில் விரிவாக எழுதியிருக்கிறோம். எப்படி ஈடுசெய்வது? அனுப்பியதை எல்லாருக்கும் அழிக்க அச்செயலியில் ஏறக்குறைய இரண்டரை நாள் கெடு உண்டு. அது முடிந்திருந்தது. முடியாதிருந்தாலும், படம் பல கைப்பேசிகளில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். வரும் ஞாயிறன்று பலிபீடத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்கிறோம் என்றோம். "கேட்டா இன்னும் நாலு பேரு பாப்பாங்க, சாமி" என்றார் பாட்டி. அதுவும் உண்மையே.

இத்தனைக்கும் நமது மாவட்டம் பிள்ளைகளின் கல்விக்குக் கருவிகளை விருப்பத்தோடு வரவேற்ற மாவட்டம். மரக்காணம் பக்கத்தில் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை அன்னபூர்ணா மோகன், தம் நகைகளை விற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடுதிரைப் பலகையும் நல்ல இருக்கைகளும் வாங்கித் தந்த செய்தியை 2017இல் நாடே படித்தது. 2018 முதல் தமிழகப் பாடநூல்களின் பக்கங்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பின்னர் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட, வகுப்பறையே கைப்பேசிக்குள் புகுந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாதென்று மைய அரசு அந்த ஆண்டு ஜூலையில் நெறிமுறை வகுத்தது. நமது பங்கில் அந்த வரம்புக்குத் தேவையே எழவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் தந்தை வேலை முடிந்து திரும்பிய பிறகு. இணையம் எட்டாத பிள்ளைகளின் இழப்பை ஈடுகட்டவே 'இல்லம் தேடிக் கல்வி' பிறந்தது. 2021 அக்டோபர் 27 அன்று அது தொடங்கப்பட்டதும் நமது மாவட்டத்து முதலியார்குப்பத்திலேதான். நவம்பர் முதல் நாள் சிறுவர் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினர்; கைப்பேசி மட்டும் அவர்கள் கையைவிட்டு இறங்கவில்லை.

கருவியைக் கொடுத்த வேகத்தில் அதற்குரிய ஒழுக்கத்தை நாம் கற்பிக்கவில்லை. பிள்ளைகளைச் சொல்வானேன்? நமக்கே யார் கற்பித்தார்கள்? குழந்தையைப் பற்றிய தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டுமென்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. பங்குத்தந்தையின் கைப்பேசியை எண்ணி அச்சட்டம் இயற்றப்படவில்லைதான். ஆனால் பாட்டியின் கேள்வியும் அதுவேயன்றோ?

அதன் பின்னர் வாரம் ஒரு பாடவேளை, வகுப்பாசிரியையுடன் சேர்ந்து ஐந்தாம் வகுப்பில் இணைய ஒழுக்கம் கற்பிக்கத் தொடங்கினோம். 'டிஜிட்டல் குடியுரிமை' என்ற பெரிய பெயரை அங்கே சொல்வதில்லை. கைப்பேசியும் கணினியும் கொண்டு போவதில்லை. முதல் வகுப்புக்குக் கொண்டு சென்றவை தாளும் பென்சிலும் மட்டுமே. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை வரைந்து அடுத்தவரிடம் தர வேண்டும். பெற்றவர் அதைப் பார்த்துத் தம் ஏட்டில் வரைந்துகொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். மணியடிக்கும் நேரத்தில், "எல்லாரும் அவரவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் நோக்கினான்.

"தாளு வந்துடுச்சு சாமி. படம் வரல."

நாம் ஒரு மாதம் பேசியிருந்தாலும் இதனைப் புரியவைத்திருக்க மாட்டோம். திருவக்கரையில் கண்ட கல்மரத்தை அவர்களே நினைவுகூர்ந்தார்கள். மரம் மக்கினாலும் உருவம் மக்கவில்லை என்றாள் ஒருத்தி.

அடுத்த வாரங்களில் கடவுச்சொல்லை ஏன் நண்பனிடமும் சொல்லலாகாது, முன்பின் அறியாதவர் செய்தி அனுப்பினால் யாரிடம் சொல்வது, 1098 என்ற எண் எதற்கு என்பனவெல்லாம் வந்தன. அவை எளிதாகவே நடந்தன. கடினமாயிருந்தது 'எடுக்கலாமா?' என்று கேட்கும் பயிற்சியே. கேட்பதைப் பிள்ளைகள் ஒரு நாளில் கற்றுக்கொண்டார்கள். 'வேண்டாம்' என்று சொல்லத்தான் அவர்களுக்கு வரவில்லை. ஆசிரியையிடமோ சாமியிடமோ எப்படி மறுத்துச் சொல்வது? பெரியவர்களுக்குப் பணிய வேண்டுமென்று ஞாயிறுதோறும் மறைக்கல்வியில் போதித்தவர் நாம்தாமே! ஆகவே இருவர் இருவராக நிறுத்தி, மறுத்துச் சொல்லும் பயிற்சியும் தர வேண்டியதாயிற்று. பெற்றோர் சிலர் இதனை விரும்பவில்லை. "புள்ளைங்களுக்கு எதிர்த்துப் பேசச் சொல்லித் தரீங்களே, ஃபாதர்" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு மாலைகள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசினோம்.

எட்டு மாதங்களுக்குப் பின், சென்னையில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் விளையாட்டாக அந்தப் பழைய படத்தைச் சிறுமியின் வீட்டுக்கே அனுப்பியிருந்தார். இம்முறை அவள் பள்ளிக்கு வந்தாள். வந்து நம்மிடம் சொல்லவும் செய்தாள். அவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததனைத்தையும், நமது தவற்றையும் சேர்த்தே கூறினோம். அழித்துவிட்டதாகச் சொன்னார்.

பங்குத் திருவிழாவன்று பாடற்குழுச் சிறுவர்கள் கொடிமரத்தருகே வரிசையாய் நின்றார்கள். அவளும் நின்றாள். நாம் கைப்பேசியை உயர்த்தும் முன், "எடுக்கலாமா?" என்றோம். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"இன்னைக்கு வேணாம் சாமி" என்று கூறி, வரிசையிலிருந்து விலகி நம் பக்கம் வந்து நின்றுகொண்டாள். மற்றவர்களை எடுத்தோம். படம் எப்படி வந்திருக்கிறதென்று முதலில் எட்டிப் பார்த்தவள் அவளே.