நடுவீட்டை விட்டுவைத்தோம்

பினாங்கில் 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் நீங்கியது. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களை விட்டுப் பல குடும்பங்கள் கிளம்பின. நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். வாசல் தெற்குப் பார்த்தது. சில மாதங்களில் அம்மா நோயில் விழ, பார்க்க வந்தவர்கள் பழியை வாசல்மேல் போட்டார்கள். வாஸ்து பார்க்க வந்தவரோ சுவரை இடித்து, அடுப்பை அக்கினி மூலைக்கு மாற்றச் சொன்னார். மேல்வீட்டுக் கழிவுக்குழாய் இறங்கும் சுவர் அது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் பயம் இருந்தது.

பயத்தைத் தெளிவித்தது நான் வளர்ந்த பினாங் வீதிக் கடைவீடுதான். 1786-இல் பிரான்சிஸ் லைட் கோடு கிழித்த ஊரில் வாசலின் திசையைத் தெருவே முடிவு செய்தது. ஒரு வரிசை கிழக்கே பார்த்தால் எதிர்வரிசை மேற்கே பார்க்கும். இரண்டு பக்கமும் கல்யாணம் நடந்தது, கடைகள் செழித்தன. எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது நடுவில் வானம் தெரியும் முற்றம். மயமதம் போன்ற சிற்ப நூல்கள் மனையின் நடுவைப் பிரம்மாவுக்கு ஒதுக்குகின்றன. செட்டிநாட்டு வீடுகளிலும் நடுவில் முற்றம்தான். எங்கள் கடைவீட்டைக் கட்டியவர்கள் சீனர்கள். அவர்களும் அதே இடத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். சூடான காற்று அதன் வழியே மேலேறும், வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையின் நிழல்காற்று உள்ளே வரும். பாட்டி அரிசி புடைத்ததும் நாங்கள் மழையில் நனைந்ததும் அங்கேதான்.

புது வீட்டில் சுவரை இடிக்கவில்லை. கூடத்தின் நடுவிலிருந்த சாமான்களை ஓரங்கட்டினோம். சாமி மேடையை ஈசானிய மூலைக்குக் கொண்டுபோனோம். இரும்புக் கதவை மட்டும் பூட்டி மரக்கதவைத் திறந்து வைத்ததில், வாசல் காற்று சமையலறை வரை ஓடியது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வாசலில் விண்ணரசருக்கு ஊதுபத்தி ஏற்றும் நேரத்தில், அம்மா தெம்பு வந்த நாள்களில் கோலம் போட்டார். மருத்துவமனைக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

மேற்கு உயர்ந்து, வடகிழக்கு தாழ்ந்து, அங்கே நீர் இருந்தால் நல்ல மனை என்பார்கள். மேற்கே கொடிமலை, வடக்கிலும் கிழக்கிலும் கடல்: ஜார்ஜ்டவுனே அப்படித்தான் அமைந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். வீட்டுச் சாத்திரம் நோயாளியைக் குற்றவாளியாக்கப் பயன்படுவதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகள் இப்போது பாயான் லெப்பாஸ் பக்கம் வீடு தேடுகிறாள். திசை இருக்கட்டும், எதிரெதிரே சன்னல் இருக்கிறதா பார் என்றேன். அவள் காட்டிய வரைபடத்தில் ஒரே பக்கம்தான் சன்னல். வேறு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.