விலை சொல்லும் துணிவு

ஜொகூர் பாருவில் கல்யாண மேடை அலங்காரம், மருதாணி, பலகாரம், அணிச்சல் என்று வீட்டிலிருந்தே தொழில் தொடங்கும் நம் பெண்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. “எவ்வளவு?” என்று கேட்கும்போதுதான் குரல் தாழ்கிறது. இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லி, தன்முனைப்பு உரைகளால் தீர்க்கப் பார்க்கிறோம். நான் அதை வரலாறு ஏற்றிவைத்த சுமையாகவே பார்க்கிறேன். ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டிய தலைமுறைகளின் உழைப்புக்குத் துரை வைத்ததுதான் விலை. கிராணி எழுதியதுதான் கணக்கு. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, கூலியைக் கூட்டாகப் பேசி வாங்கியது. அப்போதும் தன் வேலைக்குத் தானே விலை சொல்லும் வாய்ப்பு தனி ஆளுக்கு வரவில்லை. பழகாததில் தயங்குவது மனக்குறை ஆகாது. பழகப் பழகத்தான் அது போகும்.

நம் ரசனையை வெளியார் மதிப்பார்களா என்ற ஐயத்துக்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. 1922இல் சிறு கோயிலாகத் தொடங்கிய ஸ்ரீ ராஜ காளியம்மன் ஆலயம், 2009இல் கண்ணாடிக் கோயிலாக எழுந்தது. ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்த வேலைப்பாட்டைப் பார்க்க வெளிநாட்டினரும் வருகிறார்கள். கோயிலுக்குப் பக்தர்கள் உண்டு, தனிப் பெண்ணுக்கு யார் துணை என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. முதலும் துணையும் இல்லாதவளிடம் தைரியத்தை மட்டும் எதிர்பார்ப்பது கொடுமை. வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி 1987இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா, பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறுகடன் தருகிறது. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ திட்டத்தில் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. கடனைப் போலவே குழுவும் முக்கியம். இன்னொருத்தி அடக்கவிலையையும் தன் கூலியையும் கூட்டி விலை சொல்வதைக் கேட்பவளுக்குத் தானும் சொல்லலாம் என்ற தெம்பு பிறக்கும்.

பாலம் தாண்டினால் சிங்கப்பூர் சம்பளம் நிச்சயம், எதற்கு இந்த வம்பு என்பார்கள். குடும்பத்தைக் காக்கும் சம்பளத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வேலையை விடாமல் வார இறுதியில் மட்டும் ஆர்டர் எடுப்பதும் தொழில்தான். மாதம் தவறாமல் வரும் சம்பளம், விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்தையும் நீக்குகிறது. கடைசியில் பொறுப்பு நம்மிடமும் வருகிறது. உறவுக்காரப் பெண் என்பதற்காகவே அவள் சொன்ன விலையில் பாதியைக் கேட்பவர்கள், அவளுடைய ஐயத்தைத் தங்கள் வாயாலேயே உறுதி செய்கிறார்கள். முழு விலையைக் கொடுத்து வாங்குவோம். வாழ்த்துரையைவிட அவளுக்கு அதுதான் உதவும்.