முத்துலட்சுமி பணம்

ஊரப்பாக்கம் பக்கம் கர்ப்பிணிகள் நர்ஸம்மாவிடம் விடாமல் கேட்கிற கேள்விகள்: பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) வந்துடுச்சா? முத்துலட்சுமி பணம் எப்ப ஏறும்? அந்த முத்துலட்சுமி யாரென்று கேட்டால், பழைய மந்திரியாக இருக்கும் என்பார்கள். மந்திரியாக இருந்ததே இல்லை.



*

முத்துலட்சுமி ரெட்டி: பிறப்பு 1886, புதுக்கோட்டை. அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தவர் தொண்டைமான் மன்னர். 1912-ல் டாக்டர். 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர்.

*

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது என்று அங்கே நிறைய பேசினார். எனக்குப் பெரிதாகப் படுவது 1929-ன் சட்டத்திருத்தம். கோயில் மானிய நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க, தேவதாசிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள். புத்திமதி சொல்லி மாறுகிற விஷயமா அது? சோறு போடுகிற நிலமல்லவா! கோயில் ஊழியம் செய்யாமலே நிலத்தை தேவதாசிகள் வைத்துக்கொள்ள அந்தத் திருத்தம் வழிசெய்தது. பொட்டுக்கட்டுக்கு முழுத்தடை 1947-ல்தான் வந்தது.

*

1930-ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டார். தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் (1954) அவர் தொடங்கியதே. அதைத் தனியாக எழுத வேண்டும்.

*

1968-ல் மறைந்தார். அவர் பெயரிலான மகப்பேறு நிதி 2006-ல் 6,000 ரூபாய், 2018-ல் 18,000. அதில் ஒரு பங்கு நெய், பேரீச்சை, டானிக் அடங்கிய பெட்டகமாக வருகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால்தான் அடுத்த தவணை. டாக்டரம்மா இந்த நிபந்தனையைத் தளர்த்த விட்டிருக்க மாட்டார்.

*

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையின் பின்பக்கத்தில் அவர் படத்தையும் பத்து வரி வாழ்க்கைக் குறிப்பையும் அச்சிடுங்கள். நர்ஸம்மாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பார்கள்.