கனம் எவ்வளவு?

தராசின்மேல் மூட்டையை ஏற்றி, எண் நின்றதும் அதை ரசீதில் எழுதுவது என் தொழில். எர்ணாகுளம் ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறேன். ஆகையால் "இது கனமா, அது கனமா" என்று எவரேனும் வழக்காடக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். தராசில் வைத்தால் தீர்ந்தது, வாதம் எதற்கு? சென்ற ஆண்டு வரையில் இப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் மனைவியின் தம்பிக்கு வயது இருபத்துமூன்று. வல்லார்பாடத்தில் வேலை கிடைத்தபடியால் வைப்பினில் எங்களோடு தங்கியிருந்தான். நல்ல பிள்ளை, ஒரு கெட்ட பழக்கமும் அறியாதவன். ஆனால் 'எக்ஸ்ட்ரீம் மெட்டல்' என்னும் மேனாட்டு இசையில் அவனுக்குத் தீராத மோகம். மின்சாரக் கிதாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, முரசுகளை ஆலங்கட்டி மழைபோலப் பொழியவிட்டு, அடித்தொண்டையால் உறுமிப் பாடுவது அந்தச் சங்கீதத்தின் இலட்சணம். ஞாயிறுதோறும் மட்டாஞ்சேரியிலிருந்து அவனுடைய தோழர் இருவர் வருவார்கள். ஒருவன் தமிழன், ஒருவன் மலையாளி. மூவரும் திண்ணையில் அமர்ந்து, எந்த ஆல்பம் உண்மையிலேயே 'ஹெவி', எது வெறும் பாசாங்கு என்று விளக்கு வைக்கும் வரையில் வாதாடுவார்கள். சங்கப் பலகையில் ஏட்டை வைத்த புலவர்கள்கூட அவ்வளவு கடுமையாகப் பேசியிருப்பார்களோ என்னவோ!

நிற்க. சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் நான்கு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி அவனிடம் சொல்லிவிட்டு என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவன் காதுகளில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மழையில் கரை வழுக்கிக் கிடந்தது. குழந்தை சறுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பளவு நீர்தான் என்று பிறகு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். யாருடைய இடுப்பளவு? அடுத்த வீட்டு அம்மாள் அலறல் கேட்டு ஓடிவந்து, புடைவையோடு குதித்துத் தூக்கியிராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அலுவலகத்திலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அவனிடமிருந்து கருவியைப் பறித்து அந்த வாய்க்காலிலேயே எறிந்தேன். "வெறும் இரைச்சல்! இதில் கனம் என்ன வேண்டியிருக்கிறது உனக்கு?" என்றேன். அவன் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. அன்றிரவே தோழன் வீட்டுக்குப் போய்விட்டான். குழந்தை மூன்று நாள் சுரத்தில் கிடந்தாள். தெளிந்து எழுந்தவுடன் அவள் கேட்டது, "மாமா எங்கே?" என்பதுதான். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், சொல்லவில்லை.

பதினொன்றாம் நாள் நானே புறப்பட்டேன். வைப்பினுக்கும் கோட்டை கொச்சிக்கும் இடையே வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் ரோ-ரோ கப்பல் 2018 முதல் ஓடுகிறது. அன்று எனக்கு முன்னால் ஒரு லாரி ஏறிற்று. அது ஏற ஏறக் கப்பல் சற்றே அமிழ்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நீர்மட்டம் மட்டும் பக்கவாட்டில் மேலே வந்தது.

பாண்டிக்குடியில் அந்தத் தோழனின் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மூவரும் வழக்கில் ஆழ்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தோழனின் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. "வழக்கு எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டுவைத்தேன்.

நான் பரிகசிப்பதாக முதலில் நினைத்தார்கள். பிறகு தமிழ்த் தோழன் தயங்கியபடி தொடங்கினான். அவன் கட்சி, வேகம். 'ஸ்லேயர்' குழுவினர் 1986-இல் வெளியிட்ட 'ரெயின் இன் ப்ளட்' என்ற ஆல்பத்தில் பத்துப் பாட்டுகள் இருந்தும், முழுவதும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுமாம். மூச்சு விட இடமில்லை. அதுவே கனம் என்றான்.

மலையாளத் தோழன் தலையசைத்தான். அவன் கட்சி, தாழ்ந்த சுருதி. 'ப்ளாக் ஸாபத்' குழுவில் கிதார் வாசித்த டோனி அயோமி பர்மிங்ஹாம் நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 1965-இல், பதினேழாம் வயதில், இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். அவர் இடக்கை வாத்தியக்காரர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். தந்திகளைத் தளர்த்தினால் விரலுக்கு நோவு குறையும். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் இறக்கியே வாசித்தார். அந்தத் தளர்ந்த தந்தியின் நாதந்தான் பின்வந்தவர்களுக்கெல்லாம் வழி காட்டிற்றாம். "பஞ்சாரி மேளத்தைப் பாருங்கள், முதற்காலம் தொண்ணூற்றாறு அட்சரம். பிறகு நாற்பத்தெட்டு, இருபத்துநான்கு, பன்னிரண்டு, ஆறு என்று பாதி பாதியாகக் குறையும். கடைசிக் காலத்தில் கூட்டம் துள்ளும். ஆனால் கனம் முதற்காலத்தில்தான்" என்றான். அவன் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

என் மைத்துனன் தலை நிமிராமலே பேசினான். 2014-இல் 'த டவுன் ட்ராடன்ஸ்' என்ற கண்ணூர்க் குழுவின் ஆல்பம் வந்ததாம். நமக்குத் தெரிந்த மண்ணிலிருந்து வருவது மற்றவற்றைவிடக் கனம் என்பது அவன் கட்சி. மற்ற இருவரும் அதை ஏற்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டினால் கனம் கூடாதா?" என்று கேட்டேன். மூவரும் ஒரே குரலில் மறுத்தார்கள்! 2008-இல் 'மெட்டாலிக்கா' குழுவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, ஒலியளவை எல்லை வரை ஏற்றி, மெல்லிய இடமும் வலிய இடமும் ஒன்றாகும்படி நசுக்கிவிட்டார்கள் என்று இரசிகர்களே முறையிட்டார்களாம். அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததால் குட்டு வெளிப்பட்டது. திருத்தி வெளியிடும்படி ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள்.

எனக்குச் சட்டென்று தொழில் நினைவு வந்தது. பஞ்சுப் பொதிபோன்ற மூட்டைகள் தராசில் நிற்கா. ஆனால் பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். அவற்றுக்கு எடையை விட்டுப் பருமனை அளந்து கட்டணம் போடுவோம். "அப்படியானால் இந்த ஆல்பம் பருமனில் ஏறுகிறது, எடையில் அல்ல" என்றேன். அன்றுதான் அவர்கள் என்னை ஒரு பொருட்டாக மதித்தார்கள்.

உற்சாகத்தில் நானும் ஒன்று சொன்னேன். நம் சங்கீதத்தில் கனம், நயம், தேசிகம் என்று மூன்று மார்க்கங்கள் உண்டு. கனமார்க்கத்தைப் பொப்பிலி கேசவையாவிடம் கற்று, அதனாலேயே பெயர்பெற்றவர் கனம் கிருஷ்ணையர். உ. வே. சாமிநாதையர் தம் தகப்பனாரின் குருவான அவரைப்பற்றி எழுதியிருக்கிறார். உடம்பை வருத்திப் பயின்றாலன்றி அந்த மார்க்கம் வசப்படாது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்பவற்றைக் கனராகங்கள் என்றும் சொல்கிறோம். "ஆகவே இந்த வழக்கு உங்களுக்கு முன்பே நம்மிடம் உண்டு" என்றேன். மலையாளத் தோழன் கிருஷ்ணையரின் இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். இசைத்தட்டு பிறக்கும் முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது.

தீர்ப்புச் சொல்லும்படி கேட்டார்கள். கேளாமல் சொல்லலாகாதே! இரண்டையும் போடச் சொன்னேன். ஸ்லேயர் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் தலை வலித்தது. மற்றது ஓர் இருமலோடு தொடங்கிற்று. பிறகு கிதார் மெதுவாக வந்தது. ஒரு சுரம் முடிந்து அடுத்தது வருவதற்குள் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் என்னை அறியாமல் முன்னே சாய்ந்திருந்தேன்.

திரும்பும்போது அவனும் என்னோடு வந்தான். கப்பலில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாதித் தூரம் சென்றதும் அவன் சொன்னான்: "அத்தான், அன்று பாப்பா அலறியது என் காதில் விழுந்தது. பாட்டில் வரும் குரல் என்று நினைத்துவிட்டேன்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? கரை வரும் வரையில் அவன் தோளில் கை வைத்திருந்தேன்.

வாய்க்கால் ஓரத்தில் இப்பொழுது வேலி போட்டிருக்கிறோம். குழி தோண்டியது அவனே. வேறு காதுக்கருவி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். ஒரு சிறிய ஒலிபெருக்கியைத் திண்ணையில் வைத்து, முற்றத்தில் குழந்தை கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கே ஒலிக்க விடுகிறான். அந்த அளவில் ஸ்லேயரின் கனம் பாதி போய்விடுகிறது என்று தமிழ்த் தோழன் சண்டைக்கு நிற்கிறான். போகவில்லை என்று மற்றவன் சாதிக்கிறான். வழக்கு அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.