பூட்டனாருக்கு ஒரு கட்டம்

போன வருசம் ஆகஸ்ட் லீவில் மாமா கோல் எடுத்தார். அவர் வேன் ஓட்டுகிறவர். இங்கிலாந்திலிருந்து வந்த வயசான அம்மா ஒருவரைப் புசல்லாவைப் பக்கம் கூட்டிப்போக வேண்டுமாம். "எனக்கு அவங்க இங்கிலிஷ் வெளங்குதில்ல, யாராவது வாங்கடா" என்றார். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் கம்பளை டவுனில் ஏறிக்கொண்டோம்.

அந்த அம்மா தேடி வந்தது ஒரு கல்லறையை. அவருடைய தாத்தாவின் தாத்தா கோப்பித் தோட்டத்தில் வேலை பார்க்க வந்து, காய்ச்சலில் இங்கேயே செத்துப்போனவர். பழைய தேவாலயத்துக்குப் பின்னால் பாசி பிடித்த கல்லுகளை நாங்கள் தண்ணீர் ஊற்றித் தேய்க்க, அவர் குனிந்து வாசித்தார். அன்றைக்கு அந்தக் கல் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவரிடம் ஒரு தடித்த ஃபைல் இருந்தது.

அந்த ஃபைலைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தலை சுற்றியது. 1538ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கட்டளை போட்டாராம். பிறந்த நாள் இல்லை, ஞானஸ்நான நாள். செத்த நாள் இல்லை, புதைத்த நாள். அரசாங்கப் பதிவு அங்கே தொடங்கியது 1837இல்தான். அதற்கு முந்திய முந்நூறு வருசத்துக்குக் கோயில் புத்தகம்தான் சாட்சி. அதோடு உயில்கள். 1858 வரை உயில்களை விசாரித்து உறுதிப்படுத்தியது கோயில் நீதிமன்றங்கள். அந்த அம்மாவின் மூதாதை ஒருவர் சாதாரண விவசாயி. அவருடைய உயிலில் மூத்த மகளுக்குக் கட்டில், இளையவளுக்குப் பித்தளைச் சட்டி, மகனுக்கு ரெண்டு பசு. ஒரு பித்தளைச் சட்டியால் ஒரு பொம்பளைப் பிள்ளையின் பெயர் இன்று வரை தங்கியிருக்கிறது.

திரும்பி வரும்போது அவர் கேட்டார், "உங்க குடும்பம் எப்ப வந்தது?"

"பிரிட்டிஷ் காலத்தில."

"எந்த ஊரிலிருந்து?"

"திருச்சிப் பக்கம்."

"முதல்ல வந்தவருடைய பெயர்?"

வேனுக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பி போட்ட சிங்ஹபிட்டிய எங்கள் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆளின் பெயர் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிண்டினோம். முதலில் கிடைத்தது எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள். எத்தனையோ தடவை போட்டோகொப்பி அடித்த கடதாசி. அன்றைக்குத்தான் முழுசாக வாசித்தோம். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், வருசம், இடம் என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விபரத்துக்கு இன்னொரு கட்டம். அதில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

இந்தக் கேள்வி சும்மா வந்தது இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் வாசனை அதில் இருக்கிறது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஓய்வூதியம் எடுத்தவர்கள் பொழுதுபோக்காகச் செய்கிற வேலையை, பிரட்டுக்களத்தில் நின்ற மனுசர்களுக்குச் சோதனையாக வைத்தார்கள். ஃபெயிலானால் நாடு இல்லை.

எங்கள் பூட்டன் 1951இல் அடுத்த சட்டத்தின் கீழ் மனுப் போட்டவர். 1946க்கு முன்னால் கல்யாணம் முடித்தவர் ஏழு வருசமும், முடிக்காதவர் பத்து வருசமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டதில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். பூட்டன் இடையில் ஊருக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல் தங்கிவிட்டாராம். மனு தள்ளுபடி. பிறகு 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தாத்தா இங்கே, அவருடைய தம்பி கூடலூரில் என்று ஒரு குடும்பம் ரெண்டாகியது.

எங்களைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று சொல்ல முடியாது. நிறைய எழுதியிருக்கிறார்கள். செக்ரோலில் பெயரும் நம்பரும். துண்டில் கடன். ஒரு தொழிலாளி தோட்டம் மாறும்போது அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டுத்தான் துண்டு. 1921இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் ஆட்கள் யாருக்கு என்ன உயில் எழுதுவது? அங்கே உயில் இருக்கிற இடத்தில் எங்களுக்குத் துண்டு இருந்தது.

அலுமாரியின் அடியில் இன்னொன்று கிடைத்தது. தாத்தா, அப்பாயி கல்யாணத்து மொய்க் கொப்பி, 1968. "மேல்கணக்கு, 2 ரூபா." "கீழ்கணக்கு, 1 ரூபா, தேங்காய் 2." ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு தோட்டம், ஒரு உறவு. பின்னால் கூடலூர் போன சின்னத் தாத்தாவின் பெயரும் இருந்தது. இது எங்கள் கோயில் புத்தகம் என்று சந்தோசப்பட்டோம். கடைசிப் பக்கம் வரை போன பிறகு தங்கச்சிதான் சொன்னாள், "இதில ஒரு பொம்பள பேருகூட இல்லையே." சட்டமும் அப்பனைத்தான் கேட்டது, பாட்டனைத்தான் கேட்டது. மழையில் கொழுந்து எடுத்தவர்களை எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

அப்பாயியிடம் போனோம். சாவு வீடுகளில் அவர் ஒப்பாரி வைத்தால் பெத்தவள், அவளைப் பெத்தவள், ஊர், ஆறு, கோயில் எல்லாம் வரிசையாக வரும். ஃபோனை ரெக்கோர்ட் போட்டு முன்னால் வைத்தோம்.

"சும்மா இருக்க வீட்டுல ஒப்பாரி பாடுவாங்களா? ஆகாது. எடு அந்தப் ஃபோன."

கெஞ்சினோம். அசையவில்லை. இந்தப் புத்தகம் யாராவது செத்தால் மட்டும்தான் திறக்கும். அடுத்த தடவை அது யாருக்காகத் திறக்கும் என்று நினைத்தபோது எங்களுக்குப் பயமாக இருந்தது.

ரெண்டு நாள் கழித்து, இரவு ரொட்டி சுட்டுக்கொண்டே அவராகவே சொன்னார். பாட்டாக இல்லை, பேச்சாக. அம்மா, அம்மாவுடைய அம்மா, அவருடைய அம்மா. மூன்று பேர். மூன்றாவது ஆள்தான் துறையூர்ப் பக்கமிருந்து கைப்பிள்ளையோடு வந்தவர். "அவங்க பேருதான்டி எனக்கு வச்சது. தோட்டத்துல எழுதினவன் வேற மாதிரி எழுதிட்டான்."

எழுபது வருசத்துக்கு மேல் எல்லாக் கடதாசியிலும் இருப்பது எழுதினவன் போட்ட பெயர். அப்பாயியின் உண்மையான பெயரே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த மூன்று பெயரையும் மொய்க் கொப்பியின் பின் அட்டையில் எழுதினோம். அப்பாயிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ரெண்டாவது பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றார். வெட்டிவிட்டு, அவர் சொன்னபடியே திருத்தி எழுதினோம்.