தனியா வந்த ரெண்டு பெண்கள்



பங்குனி உத்திரம் நல்லபடியா முடிஞ்சு, பந்தலும் பிரிச்சாச்சு. அண்டா, கரண்டி எல்லாம் கழுவித் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆனா புலனத்துல ஒரு கேள்வி மட்டும் நிக்கவே இல்லை: "பால்குடத்தோட நடந்து வந்துச்சே, அந்த வெள்ளைக்காரப் பொண்ணு யாரு? யாரு கூட்டிட்டு வந்தா?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்றதைவிட இங்கேயே எழுதிடுறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

யாரும் கூட்டிட்டு வரலை. போலந்து நாட்டுப் பெண். முதுகில் பெரிய பையோடு தனியா ஊர் சுத்துறவங்க. ஜேபி லார்கின்ல பஸ் ஏறி மெர்சிங் போய், அங்கிருந்து தியோமான் தீவுக்குப் படகு பிடிக்கிறதுதான் அவங்க திட்டம். வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச பிறகுதான் அந்தப் படகுகள் ஒழுங்கா ஓடும். அதனால பங்குனி சமயத்துல இந்த மாதிரி பயணிகள் நம்ம கோத்தா திங்கி வழியா போவாங்க. பெரும்பாலும் பஸ் ஜன்னலோட சரி. இவங்க அருவியைப் பார்க்க இறங்கி ஒரு ராத்திரி தங்கினாங்க. காலையில உறுமி மேளம் கேட்டிருக்கு, சத்தம் வந்த திசையில நடந்து வந்துட்டாங்க.

வாசல்ல நின்னு முதல்ல கேட்டது, "டிக்கெட் எவ்வளவு?" நம்ம பெரியவர் ஒருத்தர் சிரிச்சுட்டு, "டிக்கெட் இல்லம்மா, செருப்பை மட்டும் கழட்டு" என்றார். ஒரு அக்கா தன் துப்பட்டாவைக் கொடுத்தாங்க. பையை அலுவலகத்துல வச்சுப் பூட்டினோம். பத்து நிமிஷத்துல அவங்க அன்னதானப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம அடுப்படி அக்காமாருக்கு யாரையும் சும்மா உட்கார வச்சுப் பழக்கம் இல்லை!

உரிக்கும்போதே கேள்விகள் வந்தது. அவங்க ஏற்கெனவே பத்துமலை போய் 272 படியும் ஏறினவங்க. ஆனா அங்கே போனது திருவிழா இல்லாத நாள்; குரங்கையும் வண்ணப் படிகளையும்தான் பார்த்திருக்காங்க. அலகு காவடியைப் பக்கத்துல பார்த்தது இங்கேதான். "வலிக்காதா? ஏன் ரத்தம் அதிகமா வரலை?" என்று கேட்டாங்க. மருத்துவம் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. விரதத்தைப் பற்றிச் சொன்னோம். சிலர் 48 நாள், சிலர் அதைவிடக் குறைவு. அசைவம் இல்லை, தரையில படுக்கை, பேச்சுல நிதானம். அலகு குத்துறவர் பழகின கை, மேலே திருநீறு. தோள்ல காவடி ஏறும்போது எடுக்கிறவர் பல வாரமா அதுக்குத் தயாரா இருக்கார். அந்த நாள்களை விட்டுட்டு அலகை மட்டும் பார்த்தா அது வேடிக்கையாத்தான் தெரியும்.

இன்னொன்னும் கேட்டாங்க: "இது இந்தியாவிலேயே தடை, இங்கே மட்டும்தான் நடக்குதுன்னு படிச்சேனே?" உறவுகளே, இதை நம்ம பிள்ளைகளே பல பேர் நம்புறாங்க. அது சரியில்லை. தமிழ்நாட்டுல முருகன் கோயில் திருவிழாக்கள்லயும் அம்மன் கோயில் திருவிழாக்கள்லயும் இன்னைக்கும் அலகு குத்தி வர்றாங்க. நம்ம நாட்டுல காவடி பெரிசா, அலங்காரமா வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது கேட்டா சரியா சொல்லுங்க.

இடும்பன் கதையையும் ஒரு அண்ணன் பாதி மலாய், பாதி இங்கிலீஷ்ல சொன்னார். சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் ஒரு கம்புல கட்டித் தோள்ல சுமந்து வந்த இடும்பன், பழனியில இறக்கி வச்ச கதை. இறக்கினதைத் திரும்பத் தூக்க முடியலை. சண்டையில முருகன்கிட்ட தோத்து, அவர் அருளால உயிர் திரும்பி, காவடி எடுக்கிறவங்களுக்காக வரம் கேட்டதுன்னு முழுசா சொல்லி முடிச்சார். அந்தப் பெண் அலுவலகப் பக்கம் திரும்பித் தன் பையைக் காட்டி, "அப்போ நானும் கொஞ்சம் இடும்பன்தான்" என்றாங்க. அடுப்படியே சிரிச்சிடுச்சு.

இனி, இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம்.

பால்குடம் புறப்படுற இடத்துல ஒரு தங்கச்சி நின்னது. இருபது வயசு இருக்கும். மஞ்சள் சேலை, கையில குடம், காலடியில ஒரு துணிப்பை. பாசிர் கூடாங்ல இருந்து விடியற்காலையில தனியா வந்திருக்கு. வருஷா வருஷம் நேர்ந்து பால்குடம் எடுத்தது அவங்க அம்மா. இப்ப அம்மா எழுந்து நடமாட முடியாம படுக்கையில. அப்பாவுக்கு சிங்கப்பூர்ல வேலை, லீவு கிடைக்கலை. அம்மாவோட நேர்த்திக்கடனை மகள் நிறைவேற்ற வந்திருக்கு.

நம்ம கூட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். காவடி எடுக்கிறவரைச் சுத்தி ஒரு குடும்பமே நடக்கும். ஒருத்தர் கையில முக்காலி, ஒருத்தர் கையில தண்ணி, எலுமிச்சம்பழம், ஒருத்தர் விசிறி, ஒருத்தர் செருப்புப் பை. அவ்வளவு பேருக்கு நடுவுல இந்தப் பிள்ளையோட துணிப்பையைத் தூக்க ஆள் இல்லை.

அந்தப் பயணிப் பெண்ணைச் சுத்தி நம்ம இளைஞர்கள் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. "தனியாவா வந்தீங்க? பயமா இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டாங்க. அவங்க பதில் சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் பார்த்து, எங்க அக்கா ஒருத்தர்கிட்ட மெதுவா கேட்டாங்க: "அந்தப் பொண்ணும் தனியாத்தானே நிக்குது. அது கூட யாரு நடப்பா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "நீ நட" என்றாங்க. தானும் கூடவே கிளம்பிட்டாங்க.

அப்படித்தான் நீங்க பார்த்த காட்சி நடந்தது. ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் துணிப்பையை மாட்டிக்கிட்டு, தண்ணி பாட்டிலோட, வெறுங்கால்ல அந்தப் பெண். தார் ரோடு சுட்டது. பசங்க ஹோஸ்ல தண்ணி அடிச்ச இடத்துல எல்லாம் குதிகால் ஊன்றி நின்னு நின்னு வந்தாங்க. கூட்டம் நெருக்கின இடத்துல ரெண்டு பேரும் கை கோத்து அந்தப் பிள்ளைக்கு இடம் விட்டாங்க. சன்னதியில பால் ஊத்தினதும் தங்கச்சி அழுதுச்சு. அம்மாவுக்கு வீடியோ கால் போட, போனைப் பிடிச்சது அந்தப் போலந்துப் பெண்தான். திரை அந்தப் பக்கம் அம்மா கும்பிட்டாங்க. இவங்களும் தெரிஞ்ச மாதிரி கும்பிட்டாங்க.

சாயங்காலம் பஸ் நிலையத்துல ஒருத்தர் மெர்சிங் பக்கம், ஒருத்தர் ஜேபி பக்கம். தங்கச்சியை பஸ் ஏத்திவிட்ட பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போனாங்க.

தனியா வர்ற பெண் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ரஜூலா கப்பல் காலத்துல கையில ஒரு மூட்டையோட, முன்பின் தெரியாத தோட்டத்துக்கு வந்து இறங்கின பாட்டிமாரோட பேரப்பிள்ளைகள் நாம. வெளிநாட்டுக்காரங்க தனியா வந்தா ஊரே சூழ்ந்துக்குது, நல்ல விஷயம்தான். அதே அக்கறை நம்ம வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்கணும். துணைக்கு ஆள் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடுற பெண்கள் இன்னும் இருக்காங்க. கணவரை இழந்தவங்க, வேலைக்காக வெளியூர்ல தங்கினவங்க, கூட்டத்துல இடி படணுமேன்னு பயப்படுறவங்க.

அதனால அடுத்த வருஷம் எங்க தொண்டர் குழுவுல "கூட நடப்போர்"னு ஒரு தனி அணி வைக்கிறோம். குறைஞ்சது பத்துப் பெண்கள் வேணும். வேலை ரொம்ப எளிது:

• தனியா வர்றவங்களோட பை, செருப்பு, தண்ணியைச் சுமந்து சன்னதி வரைக்கும் கூட நடக்கணும்.
• ஈரச்சேலை மாத்த மறைவான இடம், வெளிச்சமான கழிவறை வழி ரெண்டையும் பார்த்துக்கணும்.
• சாமி வந்து ஆடுறவங்களை, ஈர உடையில நிக்கிறவங்களைக் கேட்காம படம் எடுத்தா பணிவா நிறுத்தணும். வெளிநாட்டவரா இருந்தாலும் சரி, நம்ம தம்பிகளா இருந்தாலும் சரி.
• சாப்பிட வச்சு, பஸ் ஏறுற வரைக்கும் கூட இருக்கணும்.

வயசு வரம்பு இல்லை. தமிழ் பேசத் தெரியணும்னும் இல்லை, அதை இந்த வருஷம் பார்த்துட்டோம். கோயில் அலுவலகத்துல பேர் கொடுங்க.

தனியா வரப்போறவங்க முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆள் தயாரா இருப்பாங்க. சொல்ல முடியலைன்னாலும் பரவாயில்லை, வந்து அடுப்படியில கேளுங்க.

தங்கச்சியோட அம்மா சீக்கிரம் நலமாகி அடுத்த பங்குனிக்கு நேர்ல வரணும். எல்லாரும் ஒரு நிமிஷம் வேண்டிக்குங்க.

முருகன் துணை.