ஒளியின் விலை

வெயிலுக்குப் பஞ்சமில்லாத பூமி மட்டக்களப்பு. வாவியில் வலை வீசும் மீனவனும், படுவான்கரை வயல்களில் அரிவி வெட்டும் பெண்ணும், சூளையிற் கல் அறுக்கும் இளைஞனும் அந்த வெயிலைத் தோலிற் சுமந்தே உழைக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குத் தோலில் வெண்புள்ளி தோன்றிவிட்டால், அவருக்கு வேண்டிய மருந்தும் ஒளிதான். ஆனால் அது வானத்திலிருந்து விலையின்றிப் பொழியும் ஒளியன்று. ஓர் அறையினுள், ஒரு பெட்டியினுள், கணக்கிட்டு அளந்து தரப்படும் ஒளி. வெயிலில் வாழும் மக்களுக்கு அந்த ஒளி ஏன் எட்டாக் கனியாக இருக்கிறது? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

வெண்புள்ளி அரிதான நோயன்று. உலக மக்களுள் 0.5 முதல் 2 சதவீதத்தினருக்கு அது உண்டு. அவர்களிற் பாதிப் பேருக்கு இருபது வயதுக்கு முன்னரே அது தொடங்கிவிடுகிறது. ஆகவே நமது வகுப்பறைகளில் நாம் அதைச் சந்திக்காமல் இருக்க முடியாது. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தோலுக்கு நிறம் தரும் கலங்களைப் பகையென மயங்கி அழிப்பதனால் அது உண்டாகிறது. கிருமியினால் வருவதன்று, தொட்டால் தொற்றுவதன்று, மீனும் பாலும் சேர்த்து உண்டதனால் வருவதுமன்று.

எனினும் நம் மொழி அதற்கு இட்ட பெயர் வெண்குட்டம். இந்த ஒரு சொல் செய்த கொடுமை கொஞ்சமன்று. எங்கள் வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு தீவு உண்டு. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், தொழுநோயாளரைச் சமூகத்தினின்றும் பிரித்து வைப்பதற்கென அங்கு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. குட்டம் என்றால் நீர் சூழ்ந்த தனிமை என்ற அச்சம் இப்பகுதி மக்களின் நெஞ்சில் அவ்வாறே பதிந்தது. தொழுநோயின் கிருமியை நோர்வே நாட்டு ஹன்சன் 1873இல் கண்டறிந்தார். அதை முற்றாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்தினை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. தொழுநோயாளரையே ஒதுக்கி வைக்க நியாயமில்லை என்றாயிற்று. அந்நோயோடு எவ்வித உறவுமற்ற வெண்புள்ளிக்காரரை ஒதுக்குவதற்கு என்ன நியாயம்? தொழுநோயின் தழும்பில் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி சிறிதும் குன்றாது. பிறர் பார்வை குத்தும்போது அந்த உணர்ச்சி இன்னும் கூடுகிறது என்பதை நான் அறிவேன்.

என் வலக்கை விரல்களில் முதற்புள்ளி தோன்றியபோது எனக்கு வயது இருபத்தொன்பது. நாள் முழுவதும் சுண்ணக்கட்டி பிடிக்கும் கை அது. கழுவினாற் போகும் வெண்மையையும் கழுவினாலும் போகாத வெண்மையையும் மாணவிகள் எனக்கு முன்னரே பிரித்தறிந்துவிட்டார்கள். பின்னர் கழுத்து, பின்னர் கன்னம். என் கலியாணப் பேச்சு நின்றுபோனது ஒருபுறமிருக்க, வெள்ளையின் நிழலும் விழாத என் தங்கையின் பேச்சும் நின்றது. "பரம்பரையில் உண்டோ?" என்று கேட்டு வந்தவர்கள், விடையைக் கேட்கவும் காத்திருக்கவில்லை.

தோல் வைத்திய நிபுணர் எனக்கு விதித்தவை இரண்டு: வாய்வழி உட்கொள்ளும் ஸ்டீரோயிட் மாத்திரை, ஒளிச் சிகிச்சை. இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்வனவல்ல. வீடு எரியும்போது முதலில் நெருப்பை அணைக்க வேண்டும். கூரை வேய்தல் அதன் பின்னர். மாத்திரை நெருப்பை அணைப்பது. ஒளி கூரையை வேய்வது.

நாள்தோறும் ஸ்டீரோயிட் உட்கொண்டால் முகம் ஊதும், எலும்பு நலியும், குருதியிற் சீனி ஏறும். இத்தீங்குகளைக் குறைக்க, டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பஸ்ரீச்சா முதலிய வைத்தியர்கள் வேறொரு முறையை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டனர். கிழமையில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும், காலையுணவின் பின் 5 மில்லிகிராம் பீற்றாமெதசோன். எஞ்சிய ஐந்து நாட்கள் மருந்தில்லை. பரவிக்கொண்டிருந்த நோய் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நின்றது. செல்வ நாடுகளின் ஆய்வுகூடங்களிலன்றி, நம்மைப் போன்ற மக்கள் நிரம்பிய ஒரு பொது வைத்தியசாலையிற் பிறந்த முறை இது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனினும் இது விளையாட்டு மருந்தன்று. எடை கூடலாம், பரு வரலாம், உறக்கம் கெடலாம். நீரிழிவு உள்ளவருக்கும் வளரும் பிள்ளைக்கும் தனிக் கவனம் வேண்டும். சில மாதங்களுக்கென வைத்தியர் விதிப்பதைப் பார்மசியில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது பெருந்தீங்கு.

இனி ஒளி. கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கும் வைத்தியம் நம் நாடுகளில் மிகப் பழையது. அது வெறும் மூடநம்பிக்கையன்று. அந்த விதையில் உள்ள சோராலன் என்னும் பொருள், ஊதாக்கடந்த கதிர்களுக்குத் தோலைக் கூர்மைப்படுத்துகிறது. எகிப்து நாட்டு எல் மொஃப்டி 1948இல் இதே இனப் பொருளைக் கொண்டு புதுக்கால வைத்தியத்திற்கு வழி திறந்தார். ஆனால் வெயிலை அளக்க முடியாது. கொஞ்சம் கூடினால் தோல் கொப்புளிக்கும். கொப்புளித்த இடத்திற் புதுப்புள்ளி எழும். ஆகவே, ஊதாக்கடந்த கதிர்களுள் 311 நானோமீற்றரை அண்டிய ஒரு குறுகிய கற்றையை மட்டும் தரும் குழல்விளக்குகள் பயன்பாட்டுக்கு வந்தன. அம்ஸ்ரடாம் நகர வைத்தியர்கள் 1997இல் அவற்றை வெண்புள்ளிக்குப் பயன்படுத்திக் காட்டினர். மயிர்க்கால்களின் அடியில் உறங்கும் இளம் நிறக்கலங்களை அந்த ஒளி எழுப்புகிறது. அவை மேலேறிவர, வெண்ணிலத்திற் கடுகு தூவியதுபோல் கருமை முளைக்கிறது. அதனாற்றான் முகமும் கழுத்தும் நன்கு இணங்குகின்றன. மயிர்க்காலற்ற விரல்நுனிகள் பெரும்பாலும் இணங்குவதில்லை. என் கன்னமும் கழுத்தும் நிறம் மீண்டன. விரல்நுனிகள் இன்றும் வெண்மையே.

இந்த ஒளியைக் கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை பெறவேண்டும். பயன் உண்டா என்று சொல்லவே ஆறு மாதம் வேண்டும்; முழுப் பயனுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கிழமைக்கு இரு தடவை என்றாலே ஆறு மாதத்தில் ஐம்பது பயணங்கள். ஒவ்வொரு தடவையும் ஒளி தோலிற் படுவதோ சில நிமிடங்கள்! அந்தச் சில நிமிடங்களுக்காக இழக்கப்படுவது ஒரு நாட்கூலி.

சிகிச்சைக்குக் காத்திருந்த வாங்கில் என்னருகே படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய் அமர்வாள். அவளுடைய பதினொரு வயது மகளுக்கு வாயைச் சுற்றியும் முழங்காலிலும் வெள்ளை. விடியற்காலையில் வீட்டை விட்டால், திரும்பும்போது பொழுது சாயும். ஒருநாள் அவள் சொன்னாள்:

"கிழமைக்கு ரெண்டு தரம் வரச் சொல்றாங்க டீச்சர். நான் கூலிக்குப் போகாத நாளில அடுப்பில என்னத்த வைக்கிற? பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் போகுது."

அந்தப் பிள்ளையின் முழங்காலில் அப்பொழுதுதான் கடுகுப் புள்ளிகள் முளைத்திருந்தன. நான் அவற்றை எண்ணிக் காட்டினேன், ஒன்பது இருந்தன. பிள்ளை சிரித்தாள். அடுத்த மாதம் அவர்கள் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. என் சிகிச்சை நிறைவெய்தியது. எனக்கு மனவுறுதி கூடுதலாக இருந்தது என்று எவரும் சொல்ல வேண்டா. விடுப்பு எடுத்த நாளிலும் எனக்குச் சம்பளம் இருந்தது. அவளுக்கு இல்லை. இதைத் தவிர எங்களிருவருக்கும் வேறுபாடில்லை.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மக்கள் போராடிப் பெற்ற பெரும்பேறு அது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதன் அருமையை நாடே உணர்ந்தது. ஆனால் நேரத்தை மருந்தாகக் கேட்கும் சிகிச்சை, உழைப்பை நாட்கணக்கில் விற்று வாழ்பவருக்கு இலவசமாகாது. கைவிட்டவர்களை "பொறுமையற்றவர்கள்" என்று ஏட்டிற் குறிப்பது எளிது. அந்தப் பொறுமைக்கு நாளொன்றுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பதே நேர்மை. அவ்வாறு கைவிட்டவர்களைத்தான் "முப்பதே நாளில் வெள்ளை மறையும்" என்ற விளம்பரக்காரன் வரவேற்கிறான்.

இதற்கு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 517 பேரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியாயிற்று. வீட்டிலேயே பயன்படுத்தத்தக்க சிறு கைவிளக்கை, பயிற்சி அளித்து மக்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்டீரோயிட் பூச்சு மருந்து மட்டும் பெற்றோரில் 17 சதவீதத்தினரும், விளக்கு மட்டும் பெற்றோரில் 22 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றோரில் 27 சதவீதத்தினரும் ஒன்பது மாதத்திற் குறிப்பிடத்தக்க பயன் கண்டனர். இது மாயவித்தையன்று, சிகிச்சை நின்றபின் பலருக்கு வெண்மை மீண்டதும் உண்மை. ஆயினும் ஒளி நோயாளியின் வீட்டுக்குச் செல்ல முடியும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. ஆதார வைத்தியசாலைதோறும் ஒளிச் சிகிச்சைப் பிரிவு, வேலை முடித்து வருவோருக்கு மாலை நேரச் சிகிச்சை, தாதியரின் மேற்பார்வையில் இரவலாகக் கைவிளக்கு - இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகளல்ல. மண்முனையில் 2014இற் பாலம் திறக்கப்படும்வரை, அங்கு வாவியைக் கடக்கப் படகையே நம்பியிருந்தோம். தூரம் என்பது இயற்கையின் விதியன்று என்று அந்தப் பாலம் நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நம் கையில் உடனே செய்யத்தக்கவையும் உள. தமிழ்நாட்டில் விழிப்புணர்வு இயக்கத்தினர் வெண்குட்டம் என்ற சொல்லை நீக்கி வெண்புள்ளி என வழங்கச் செய்ய உழைத்தனர். அந்தத் திருத்தத்தை நம் வகுப்பறைகளும் ஏற்கட்டும். சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளையின் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு இழுக்குமுன், தவறிய பாடத்தை அவளுக்கு எப்போது சொல்லித் தரலாம் என்று எண்ணுவோம். நிறம் மீளாத பிள்ளைகளும் இருப்பார்கள். எந்த விளக்கும் எட்டாத இடங்கள் உடலில் உள. அவர்களுக்கு மருந்தைக் காட்டிலும், முன்வரிசையில் ஓர் இடமும், மற்றப் பிள்ளைகள் தயக்கமின்றிப் பற்றும் ஒரு கையும் வேண்டும்.

என் வெள்ளை விரல்களால் நான் இன்றும் கரும்பலகையில் எழுதுகிறேன். படுவான்கரையின் அந்தப் பிள்ளை இப்பொழுது ஏதோ ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இருப்பாள். அவளுடைய ஆசிரியர் இந்த இதழைப் படிப்பவராக இருக்கலாம்.